கழித்த பின்

பீடோங் தாண்டி நாலாவது மைலில்
எங்கள் தோட்டத்துப் பெயர்ப்பலகைக்கு
மூன்று முறை சாயம் மாற்றிவிட்டார்கள்.
மழை நாளில் அடியிலிருக்கும் கொம்பனிப் பெயர்
வெள்ளையாய்க் கசியும்.
அதற்கும் அடியில் ஆணித் துளைகள்,
எந்தப் பலகைக்கு அடித்ததோ.

நான் எடைமேடைக் கிராணி.
லாரி உள்ளே வரும்போது ஓர் எண்,
வெளியே போகும்போது ஓர் எண்,
கழித்தால் செம்பனை.
சாம்ராஜ்யம் என்பதும்
எனக்கு இப்படித்தான் தெரியும்:
கழித்த பின் மிஞ்சுவதை
வேறெங்கோ ஒருவர் எழுதிக்கொள்வது.
ஐந்தாம் பாரத்தில் வேறு மாதிரி படித்தோம்.
வீழ்ச்சிக்குக் காரணங்கள் நான்கு.
‘பலவீனமான மன்னர்கள்’ என்று தொடங்கினால்
ஒரு மார்க் நிச்சயம்.

செவ்வாய்க்கிழமை
பன்னிரண்டாம் நம்பர் காட்டில்
வீடமைப்புக்கு மண் தள்ளிக்கொண்டிருந்த இருதயராஜ்
இயந்திரத்தை அணைத்துவிட்டு நடந்தே வந்தான்.
கையில் கறுப்பாய் ஒரு கட்டி, புளியுருண்டை போல.
“கல்லு மாதிரிதான் இருக்கு, கிராணியம்மா.
ஆனா காந்தம் ஒட்டுது.”

வேலை எத்தனை நாள் நிற்கும்
என்று மட்டும் கேட்டார் சர்வேயர் ஓங்.
அகழாய்வுத் துறையிலிருந்து ரொஹானி வந்தார்,
பல்துலக்கும் பிரஷ்ஷோடு.
இரும்புக் கசடு என்றார்.
உலை இருந்த இடம்.
ஆயிரம் வருடம், அதற்கு மேலும் இருக்கலாம்.

இருதயராஜுக்கு ஒரே கேள்வி:
“நம்ம சோழன் கட்டுனதா,
நம்ம சோழன் எரிச்சதா?”
மலாயில் சொன்னது நான்.
‘நம்ம’ என்பதற்கு கித்தாவா, காமியா?
கேட்டுக்கொண்டிருப்பவரைச் சேர்ப்பதா, விடுவதா?
சொல்லையே விட்டுவிட்டேன்.
எரிந்த தடம் உலைக்குள் மட்டும்தான் இருக்கிறது
என்றார் ரொஹானி.
அப்புறம் எப்படிப் போனது?
அவர் தூரத்துச் செம்பனைகளுக்கு அப்பால்
ஆறு இல்லாத பக்கம் கை காட்டினார்.
அங்கேதான் ஆறு இருந்தது.

காற்று திரும்பும்வரை
கப்பல்காரர்கள் காத்திருக்க வேண்டும்.
காத்திருப்பவனுக்குச் சோறு வேண்டும், கயிறு வேண்டும்,
ஆணி வேண்டும், கும்பிட ஒரு கல் வேண்டும்.
ஊர் அப்படித்தான் எழும்பியிருக்கும்.
பிறகு ஆறு தன் வண்டலைத்
தன் வாயிலேயே துப்பிக்கொண்டது,
வருடத்துக்கு ஒரு விரற்கடை.
விரற்கடையைப் படையெடுத்து வென்ற அரசன் இல்லை.

கடைசிக் கப்பல் போனபோது
அது கடைசி என்று யார் சொல்லியிருப்பார்?
சுங்கக்காரன் மறுநாளும் வந்து
துறையில் உட்கார்ந்திருப்பான்
எழுத்தாணியைத் தீட்டிக்கொண்டு.

அவனை எனக்குத் தெரியும்.
பால்மரம் போய்ச் செம்பனை வந்த வருடம்
ஸ்டோரில் கிடந்த மங்குகளை
எண்ணி எழுதச் சொன்னார்கள்.
எண்ணினேன். ஒன்பதாயிரத்து நானூற்று ஏழு.
சந்தேகப்பட்டு இன்னொரு முறையும் எண்ணினேன்.
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

லயத்தில் இப்போது ஷஃபிகுலும் அவன் கூட்டாளிகளும்
கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிறார்கள்.
தமிழ்ப்பள்ளியில் பதினோரு பிள்ளைகள்.
மாரியம்மனுக்கு வேறிடம் ஒதுக்குவதாக
கடிதம் வந்திருக்கிறது,
இலாகா முத்திரையோடு, தேதி இல்லாமல்.

எல்லோரும் சாப்பிடப் போனதும்
கசடை எடைமேடை நடுவில் வைத்தேன்.
திரையில் பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
எங்கள் தராசுக்குக் கண் தெரியாது.
கட்டியை ஏந்திக்கொண்டு நானும் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
வீட்டுத் தராசில்
நான் மட்டுமே அறுபத்திரண்டு.

யார் கணக்கில் போகிறது இது
என்று யோசிப்பதற்குள்
மண் லாரி ஹார்ன் அடித்தது.
இறங்கிக்கொண்டேன்.